கவசத் தகுதி உபகுழு

ஆரண்யகிரி ராஜ்ஜியத்தின் வடக்கு மலையில் நெருப்புக் கக்கும் நாகம் ஒன்று வசிக்கிறது என்ற தீர்மானம் எந்த விவாதமும் இல்லாமல் ஒருமனதாக நிறைவேறியது. மந்திரவாதிகள் காற்றில் பறக்கலாம், மரங்கள் பேசலாம், ராஜகுருவுக்கு எண்ணூறு வயது என்பதற்கெல்லாம் தேநீர் ஆறுவதற்குள் கைகள் உயர்ந்துவிட்டன. அந்த ராஜ்ஜியத்தில் யார் யார் கவசம் அணியலாம் என்ற கேள்வி வந்தபோதுதான் செயலாளர் சுந்தரேசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது யதார்த்தம் சம்பந்தப்பட்ட விஷயம், அவசரப்படக் கூடாது, ஓர் உபகுழு வேண்டும் என்றார்.

ஆரண்யகிரி என்பது கொல்கத்தாவில், சால்ட் லேக்கில், தண்ணீர் டேங்குக்குப் பின்னால் இருக்கும் ஒரு கூட்டுறவுக் குடியிருப்பு. ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் அதிகாரிகள் சேர்ந்து கட்டிக்கொண்டது. பாதிப் பேர் தமிழர்கள், மீதிப் பேர் வங்காளிகள். அநேகமாக எல்லோரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். பதவியைத்தான் யாரும் விட்டபாடில்லை. மாடிப்படியில் ஜெனரல் மேனேஜராக இருந்தவர் இறங்கி வந்தால் டெபுடி மேனேஜராக இருந்தவர் இன்றைக்கும் சுவரோரமாக ஒதுங்கி நிற்பார். லிப்டில் யார் முதலில் ஏறுவது என்பதற்குச் சுற்றறிக்கை உண்டு.

முன்பெல்லாம் இவர்கள் குளிர்காலத்தில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலைக்காரன் வேடத்துக்கு ஆள் கிடைக்காமல் நாடகம் நின்றுபோயிற்று. அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த சுந்தரேசனின் மகன் ஜெயந்த், தடித்த விதிப்புத்தகம் ஒன்றை வீட்டில் மறந்துவிட்டுப் போனான். ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, இல்லாத ஓர் உலகத்தில் வாழ்வதாகப் பாவித்து, விதிகளின்படி பேசி, பயணம் போய், சண்டை போடும் விளையாட்டு அது. பையன்கள் சிரித்துக்கொண்டு விளையாடுவதற்காக யாரோ எழுதியது. மற்றவர்கள் நாவல் படிக்கும் இன்பத்தோடு விதிகளைப் படிக்கிற சுந்தரேசன் அதை இரண்டு முறை படித்தார். இந்த உலகத்துக்கு ஒரு நிர்வாகம் இல்லையே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை.

அடுத்த பொதுக்குழுவில் குடியிருப்பே ஆரண்யகிரி ஆயிற்று. உறுப்பினர்கள் அனைவரும் பங்கேற்க வேண்டும், பங்கேற்காதவர்களுக்குச் சங்கத்திலிருந்து எந்தச் சான்றிதழும் கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள். வேடங்களை யாருக்கு எப்படிக் கொடுப்பது என்ற குழப்பம் எழவே இல்லை. நிறுவனத்தின் பழைய சீனியாரிட்டி பட்டியல் கைவசம் இருந்தது. தலைவர் மித்ரா ஏழாம் கிரேடில் ஓய்வு பெற்றவர், அவர் மகாராஜா. சுந்தரேசன் ஆறாம் கிரேடு, மகாமந்திரி. உள்தணிக்கைப் பிரிவில் இருந்த மஹாதேவன் ஐந்தாம் கிரேடு. எண்ணூறு வயது ராஜகுரு. அப்படியே இறங்கி இறங்கி வந்து கடைசியில் முன்வரிசைக் காலாட்படையில் முடிந்தது. அதில் வாடகைக்கு இருப்பவர்கள், வாட்ச்மேன், லிப்ட் ஆப்பரேட்டர், பிறகு மாணிக்கம்.

மாணிக்கம் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவரே இல்லை. கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். பழைய உறுப்பினர் ஒருவரிடமிருந்து வீட்டை விலைக்கு வாங்கியவர். பட்டியலில் பெயர் இல்லாததால் அவரை எங்கே வைப்பது என்று யோசித்து, பட்டியல் முடிகிற இடத்துக்குக் கீழே வைத்தார்கள். நான்காம் நிலைக் காலாள் என்று ஒரு பதவி அவருக்காகவே உண்டாக்கப்பட்டது. முதல் மூன்று நிலைகள் எவை என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற சுபாவம் அவருக்குக் கிடையாது. அலுவலகத்திலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான், அவர் சார்பில் கேட்பதெல்லாம் மனைவி கல்பனாதான்.

அந்த வருஷம் அவருக்கு இந்தச் சங்கத்தில் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. பல வருஷம் காத்திருந்து சென்னைக்கு மாற்றல் கிடைத்திருந்தது. கல்பனாவுக்கும் அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை தயார். வீட்டை வாங்க ஆளும் வந்தாயிற்று. வாங்குகிறவருடைய வங்கி, சங்கத்திடமிருந்து ஆட்சேபணையின்மைச் சான்றிதழ் கேட்டது. மாணிக்கம் போய்க் கேட்டபோது சுந்தரேசன் அன்பாகத்தான் பேசினார். ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை அரக்கர்களோடு மகாயுத்தம் இருக்கிறது, அதில் நின்றுவிட்டு வாருங்கள், மறுநாளே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார்.

நிற்பதில் மாணிக்கத்துக்கு ஆட்சேபம் இல்லை. சிக்கல் அவருடைய இடது தோளில் இருந்தது. போன மழைக்காலத்தில் உல்டாடாங்கா மேம்பாலத்தில் பைக் சறுக்கி விழுந்து காறை எலும்பு இரண்டாக உடைந்து, உலோகத் தகடு வைத்துத் திருகாணி போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் இன்னொரு அடி பட்டால் மறுபடி ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரக்கர்களாக வருகிறவர்கள் பக்கத்துக் குடியிருப்பின் ஜிம் பையன்கள். ஆயுதம் மூங்கில் கழி, மேலே பழைய மெத்தையின் பஞ்சு சுற்றியது. பஞ்சு இருந்தாலும் கழி கழிதானே என்று கல்பனா சொன்னாள். தோளுக்கு மட்டும் ஒரு கவசம் கேட்டுப் பார்க்கலாம் என்று மாணிக்கம் முடிவு செய்தார்.

கவசங்களுக்குப் பஞ்சமில்லை. சித்பூரில் ஜாத்ரா நாடகங்களுக்கு உடை வாடகைக்குக் கொடுக்கும் கடையிலிருந்து தகரத்தில் செய்து தங்க வண்ணம் பூசிய கவசங்கள் வந்து சமுதாயக் கூடத்தில் அடுக்கியிருந்தன. அவற்றை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யத்தான் மஹாதேவன் தலைமையில் கவசத் தகுதி உபகுழு உட்கார்ந்திருந்தது. அது ஏற்கெனவே ஓர் அட்டவணை தயாரித்துவிட்டது. ஏழாம் கிரேடுக்கு முழுக் கவசம், தலைக்கவசத்தில் மயிலிறகு. ஆறாம் கிரேடுக்கு முழுக் கவசம், இறகு இல்லை. ஐந்தாம் கிரேடுக்கு மார்க்கவசமும் கைக்கவசமும். நான்காம் கிரேடுக்குத் தலைக்கவசம் மட்டும். அதற்கும் கீழே இருப்பவர்கள் வீரத்தால் பாதுகாக்கப்படுவார்கள் என்று எழுதியிருந்தது.

அட்டவணையில் ஒரே ஒரு தகராறுதான் வந்தது. ஆபீசில் ஏழாம் கிரேடு அதிகாரியின் நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு போடுவது வழக்கம். கவசத்துக்கும் போடுவதா என்று ஒருவர் கேட்டார். யுத்தகளத்தில் துண்டு யதார்த்தமாக இருக்குமா என்று ஒரு மாலை முழுக்கப் பேசினார்கள். கடைசியில் மகாராஜாவின் முதுகுக் கவசத்தில் துண்டு போடலாம், ஆனால் பூப்போட்ட துண்டு கூடாது என்று முடிவாயிற்று.

மாணிக்கம் உபகுழுவின் முன்னால் நின்று தன் தோள் கதையைச் சொன்னார். அடி வாங்குகிற இடத்தில் நிற்பவன் நான்தானே, எனக்குத் தோள் மட்டும் மூடினால் போதும் சார் என்றார். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடி வாங்குகிற இடத்தை வைத்துக் கவசத்தை முடிவு செய்வது என்பது அவர்களுக்குப் புதிதாக இருந்தது. மஹாதேவன் மட்டும் பொறுமையாக விளக்கினார்.

“இதோ பாருங்கோ மாணிக்கம். ஒரு கவசத்தோட ஆயுசு பதினஞ்சு வருஷம். முன்வரிசைக் காலாளோட ஆயுசு பதினஞ்சு நிமிஷம். பதினஞ்சு வருஷம் உழைக்கற சொத்தைக் கொண்டுபோய்ப் பதினஞ்சு நிமிஷத்துல போயிடறவன் மேல மாட்டினா, ஆடிட்ல என்னைத்தானே கேப்பா? உங்களைக் கேக்க முடியாதே. நீங்கதான் போயிருப்பேளே.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கேலி கொஞ்சம்கூட இல்லை. முப்பத்தைந்து வருஷம் அவர் இப்படித்தான் யோசித்துச் சம்பளம் வாங்கியிருக்கிறார். அவர் மேலும் சொன்னார்: சரித்திரத்தில் கவசம் போட்டவர்கள் எல்லாம் வசதியானவர்கள், ஏழைச் சிப்பாய் சட்டையோடுதான் செத்தான், நாம் சரித்திரத்துக்குத் துரோகம் செய்ய முடியாது. நாகம் சரித்திரத்தில் இருந்ததா என்று கேட்க மாணிக்கத்துக்கு நாக்கு வரை வந்தது. சான்றிதழை நினைத்து விழுங்கிக்கொண்டார்.

மனு நிராகரிக்கப்பட்டது. கல்பனா சும்மா இருக்கவில்லை. வாய்ச்சொல்லை நம்பாதவர்களுக்குக் கண்ணால் காட்டினால் புரியும் என்று, எக்ஸ்ரே படத்தையும் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் கொடுத்து அடுத்த கூட்டத்துக்குக் கணவரை அனுப்பினாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான். கணக்கு டீச்சருக்கு ஆதாரத்தின் மேல் நம்பிக்கை இருப்பது இயல்பு. இந்த உபகுழுவை அவள் அதுவரை நேரில் பார்த்ததில்லை.

மஹாதேவன் எக்ஸ்ரேயை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். எலும்பின் மேல் வெள்ளையாக ஒரு பட்டை, அதில் திருகாணிகள். படம் கைமாறிக் கைமாறி மேஜையைச் சுற்றி வந்தது. ரிப்போர்ட்டை வாசித்த சுந்தரேசன் ஒரு வார்த்தையில் நின்றார். தகடு டைட்டானியத்தால் ஆனது என்று போட்டிருந்தது.

தலைவர் மித்ராவுக்கே தகரம்தான். நான்காம் நிலைக் காலாள் ஒருவர் அட்டவணைக்கு மேற்பட்ட உலோகத்தை உடம்புக்குள்ளே மாட்டிக்கொண்டு இத்தனை நாள் நடமாடியிருக்கிறார். முன் அனுமதி வாங்கினீர்களா என்று மஹாதேவன் கேட்டார்.

“ஆக்ஸிடெண்ட்ல நெனவில்லாம கெடந்தேன் சார். டாக்டர் வெச்சிட்டாரு” என்றார் மாணிக்கம்.

நினைவு வந்த பிறகாவது தெரிவித்திருக்கலாமே என்று ஓர் உறுப்பினர் வருத்தப்பட்டார். தகடு உடம்புக்கு உள்ளே இருப்பதால் அது கவசம் ஆகுமா என்று இன்னொருவர் சந்தேகம் எழுப்பினார். விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். உடம்பைக் காக்கும் உலோகம் கவசம் எனப்படும் என்றுதான் போட்டிருந்தது, உள்ளேயா வெளியேயா என்று போடவில்லை. ஆகவே அது கவசம்தான். இப்போது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மாணிக்கம் தன் செலவில் தகட்டைக் கழற்றி ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறப்பு அனுமதியின் பேரில் அதை ஒழுங்குபடுத்த வேண்டும். உபகுழு பெரிய மனசு பண்ணி இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது.

ஒழுங்குபடுத்தியதற்கு ஒரு விளைவு இருந்தது. ராஜ்ஜியத்திலேயே உயர்ந்த கவசம் அணிந்திருப்பவர் இப்போது மாணிக்கம். அவ்வளவு உயர்ந்த கவசம் உள்ளவர் கூட்டத்துக்கு நடுவில் நிற்பது யதார்த்தம் ஆகாது. முன்வரிசைக்கும் முன்னால், தன்னந்தனியாக, அரக்கர்களின் முதல் அடி விழுகிற இடத்தில் அவரை நிறுத்துவது என்று தீர்மானித்தார்கள். அதே கூட்டத்தில், அரக்கன் கையில் மெத்தைப் பஞ்சு சுற்றிய கழி இருப்பது சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது என்று சொல்லி, பஞ்சை எடுத்துவிடவும் முடிவாயிற்று. பஞ்சில்லாத கழிக்கு ஆதரவாகக் கை தூக்கியவர்கள் எல்லோருமே கவசம் கிடைத்தவர்கள்.

மாணிக்கம் வீட்டுக்கு வந்து சொன்னார். வீடு விற்காவிட்டால் போகிறது, யுத்தத்துக்குப் போக வேண்டாம் என்றாள் கல்பனா. இதை விற்காமல் சென்னையில் வீடு எப்படி வாங்குவது என்று மாணிக்கம் கேட்டார். அவள் சமையலறை ஸ்பாஞ்சை நாலாக மடித்து அவர் பனியனுக்குள் தோளில் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அதுவும் கவசமாகிவிடப் போகிறது, வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

ஜனவரி கடைசி ஞாயிறு காலை குளிர் நன்றாக இருந்தது. கொல்கத்தாவில் குளிர் என்றால் எல்லோர் தலையிலும் காதை மூடும் மங்கி கேப் ஏறிவிடும். மகாராஜாவும் மகாமந்திரியும் மங்கி கேப்புக்கு மேலேயே தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டதால் காது கேட்கவில்லை, கழுத்தும் திரும்பவில்லை. சித்பூர் ஆள் இரண்டு மணி நேரம் பாடுபட்டு ஐந்து பேருக்குக் கவசம் பூட்டினான். பூட்டிய பிறகு நடக்க முடியாததால் நாற்காலியோடு தூக்கி, மைதானத்தின் கடைசிக் கோடியில் போட்டிருந்த மேடையில் வைத்தார்கள். தூக்கியவர்கள் முன்வரிசைக் காலாட்கள். மேடைக்கு முன்னால் வேலி, வேலிக்கு முன்னால் பூந்தொட்டி, அதற்கும் முன்னால் தேநீர் மேஜை. அரக்கர்கள் மைதானத்தின் மறு கோடியில் இருந்தார்கள். மேடையில் இருப்பவர்களுக்கு அரக்கர்கள் தெரிவதற்காக ஒரு பைனாகுலர் வைத்திருந்தார்கள்.

சுந்தரேசன் மைக்கில் பேசினார். வீரர்களே, நாங்கள் இந்தப் பாரத்தைச் சுமப்பது உங்களுக்காக என்றார். நீங்கள் சட்டையோடு காற்றாட நிற்கிறீர்கள், நாங்கள் இந்த இரும்புக்குள் வேகிறோம், தியாகம் என்பது என்ன என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள் என்றார். பின்வாங்குவது யதார்த்தத்துக்கு விரோதமானது என்பதால் பின்வாங்குகிறவர்களின் பங்கேற்பு கணக்கில் கொள்ளப்படாது என்றும் நினைவூட்டினார். தேநீர் மேஜைப் பக்கம் இருந்து கைதட்டல் வந்தது.

மாணிக்கத்தின் எதிரே வந்த அரக்கன் சதீஷ். அவனும் தமிழ்ப் பையன்தான், ஜாதவ்பூரில் படித்தவன், வீட்டிலே மட்டும் தமிழ், அண்ணன் என்பதற்கு வங்காளிகளைப் போலத் ‘தா’ என்றுதான் வரும். முகத்தில் பச்சை வண்ணத்தைப் பூசிக்கொண்டு வந்தவன் கழியை ஓங்குவதற்கு முன்னால் குரலைத் தாழ்த்தி, “மாணிக்கம் தா, எந்தப் பக்கம் அடிக்கட்டும்?” என்று கேட்டான். அந்த மைதானத்தில் அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அந்த அரக்கன்தான். வலது பக்கம் என்று மாணிக்கம் சொன்னார். சதீஷ் வலது பக்கம் மெதுவாகத் தட்டினான். மாணிக்கம் விதிப்படி ஐயோ என்றார். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

ஆனால் மேடையிலிருந்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்த மஹாதேவனுக்கு அந்த அடி திருப்தியாக இல்லை. இப்படித் தட்டிக்கொடுப்பதற்கா பஞ்சை எடுத்தோம், இது யதார்த்தமா என்று மைக்கில் கேட்டார். மற்ற அரக்கர்களும் சேர்ந்து தாக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். தம் சொந்தப் படையை அடிக்கச் சொல்லி ராஜகுருவே உத்தரவிடுவது எந்த விதியில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பின்னாலிருந்து ஓடி வந்த இன்னொரு பையனுக்கு மாணிக்கத்தின் தோள் விவகாரம் தெரியாது. அவன் கழி இடது தோளில் இறங்கியது. ஸ்பாஞ்ச் இருந்தும் அந்தச் சத்தம் தேநீர் மேஜை வரை கேட்டது.

மாணிக்கம் விழுந்தார். கல்பனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். சதீஷ் கழியை எறிந்துவிட்டு ஆம்புலன்ஸுக்கு போன் செய்தான். அதற்குள் மைக் முழங்கியது. ஆரண்யகிரியின் முதல் பலிதானி வீரமரணம் எய்தினார், அவருக்காக இரண்டு நிமிட மௌனம் என்று சுந்தரேசன் அறிவித்தார். மௌனத்தின்போது சடலத்தை யாரும் தொடக் கூடாது என்றார். வலியில் முனகிக்கொண்டிருந்த சடலத்திடம், கொஞ்சம் அமைதியாக இருக்கும்படி ஒரு தன்னார்வலர் வந்து கேட்டுக்கொண்டார். மகாராஜாவுக்குக் காது கேட்காததால் மௌனம் முடிந்தது அவருக்குத் தெரியவில்லை. அவர் எழுந்திருக்காமல் மற்றவர்கள் அசைவது மரியாதை இல்லை. கடைசியில் அவர் எழுந்திருக்க முயன்று, நாற்காலியோடு மல்லாக்க விழுந்து, கையையும் காலையும் உதைத்துக்கொண்டு கிடந்தார். மகாராஜா காலமானார் என்று அறிவிப்பதற்குள் ராஜகுரு மந்திரம் சொல்லி அவரை உயிர்ப்பித்துவிட்டார். அங்கேயே அப்போதே அதற்குத் தீர்மானமும் நிறைவேறியது. அந்தச் சந்தடியில்தான் சதீஷும் இன்னும் இரண்டு அரக்கர்களும் மாணிக்கத்தைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

தகடு வளைந்து இரண்டு திருகாணிகள் பிடுங்கிக்கொண்டிருந்தன. மறுபடி ஆபரேஷன். கல்பனா ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் அலைந்துகொண்டே சான்றிதழுக்கும் அலைந்தாள். சங்க அலுவலகத்தில் அவளுக்குத் துக்கம் விசாரித்தார்கள். சான்றிதழ் உறுப்பினருக்குத்தான் தர முடியும், மாணிக்கம் பதிவேட்டின்படி இறந்துவிட்டார் என்று சொன்னார்கள். வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாரே என்று அவள் சொன்னாள். அது தனிப்பட்ட விஷயம் என்றார்கள். வாங்க வந்தவர் மாதக் கடைசி வரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். சென்னையில் வேலையில் சேர வேண்டிய தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது.

மாணிக்கத்தை உயிர்ப்பிக்கக் கோரும் மனு அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு வந்தது. யுத்தத்துக்குப் பிறகு உபகுழு ஒரு புது வழக்கம் கொண்டுவந்திருந்தது: நிர்வாகிகள் கூட்டங்களுக்கும் கவசத்தோடுதான் வருவது. நீள மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர் தகரத்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள். மகாராஜாவின் முதுகில் வெள்ளைத் துண்டு இருந்தது. எதிரே ஸ்டூலில் கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு மாணிக்கம், பக்கத்தில் நாற்காலியில் கல்பனா. பின்னால் வாசலோரமாக முன்வரிசைக் காலாட்கள் வந்து நின்றார்கள். ஒருவர் நெற்றியில் பிளாஸ்திரி, ஒருவர் கைவிரலில் கட்டு. கூப்பிட்டு வரவில்லை, சான்றிதழ் தங்களுக்கும் ஒருநாள் தேவைப்படும் என்று வந்தவர்கள்.

மஹாதேவன் மனுவை வாசித்தார். மகாராஜாவை உயிர்ப்பித்ததை முன்னுதாரணமாகக் காட்ட முடியாது என்றார். ஏழாம் கிரேடு உயிருக்கும் நான்காம் நிலை உயிருக்கும் வித்தியாசம் உண்டு. காலாளை உயிர்ப்பித்தால் நாளைக்குச் செத்தவன் எல்லாம் வந்து நிற்பான், அது நம்பும்படி இருக்காது என்றார். வேண்டுமானால் மாணிக்கம் புது உறுப்பினராகப் பிறக்கலாம். புது உறுப்பினர்கள் அடுத்த ஜனவரி யுத்தத்தில் முன்வரிசையில் நின்ற பிறகு சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். இதைவிடத் தாராளமாக ஒரு சங்கம் இருக்க முடியாது என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

மாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டார். சரி சார் என்று சொல்லிவிடுவாரோ என்று கல்பனாவுக்குப் பயமாக இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. அவள் எழுந்து நின்றாள்.

“ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். யுத்தத்தன்னிக்குத்தான் மேடையில ஒக்காந்திருந்தீங்க, அரக்கன் மைதானத்துக்கு அந்தாண்ட இருந்தான். இங்க அரக்கனும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூடின ரூமு, மேஜை, டீ. எதுக்கு இதை மாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க?”

மஹாதேவன் அட்டவணையைத் தேடினார். அதில் அதற்குப் பதில் இல்லை. சுந்தரேசனுக்குத் தலைக்கவசத்துக்குள் வியர்த்தது. வாழ்நாள் முழுக்க எதையும் சுற்றி வளைத்தே சொல்லிப் பழகியவர், அன்றைக்கு அந்தப் புழுக்கத்தில் என்ன தோன்றியதோ, மனசில் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டார்.

“யதார்த்தமாச் சொல்லட்டுமா மாமி? அரக்கன் வருஷத்துல ஒரு நாள் வரான், போயிடறான். மெம்பர்ஸ் வருஷம் பூரா இங்கேயேன்னா இருக்கேள்.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது. மற்ற நால்வரும் தகரம் கிரீச்சிட அவரைத் திரும்பிப் பார்க்க முயன்றார்கள். வாசலோரம் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கல்பனா கோபப்படவில்லை. நல்ல விடை எழுதிய மாணவனைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து தட்டச்சு செய்து வைத்திருந்த சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு போய், சுந்தரேசனின் முழங்காலோடு முழங்கால் இடிக்கிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள். வாசலில் நின்றவர்களும் உள்ளே வந்தார்கள். மேஜை வரை வந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

“கையுறையைக் கழட்டுங்க சார்” என்றாள் கல்பனா. “பேனா நான் தரேன்.”

அவருக்குத் தானாகக் கழற்ற வரவில்லை. லிப்ட் ஆப்பரேட்டர் குனிந்து, பட்டையை அவிழ்த்து, தகரக் கைக்கவசத்தை உருவி மேஜையில் வைத்தார். கூட்டத்தில் அன்று வேறு தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை. சுந்தரேசன் போட்ட கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. வங்கியில் அதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.